தாழொலிப் பெட்டி

இசையை விரும்பாதார் உலகில் அரியர். தொட்டிலிற் கிடக்கும் மகவும் தாலாட்டுக் கேட்டுக் கண் வளர்கின்றது. நாற்று நடும் மகளிரும் பாட்டிசைத்துத் தம் களைப்பை மறக்கின்றனர். இத்தகைய இசையைக் கேட்க விரும்பியோர், முற்காலத்தில், இசைவாணர் இருக்குமிடம் நாடிச் செல்ல வேண்டியிருந்தது. அறிவியல் அக்குறையைப் போக்கியது. 1877ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியைக் கண்டார். 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், காந்தமும் கம்பிச் சுருளும் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கியை விளக்கி வெளியிட்டனர். 1931ஆம் ஆண்டில் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறிஞர், வலமும் இடமும் வேறு வேறாக ஒலிக்கச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அம்முறையே இன்று ஸ்டீரியோ என்று வழங்கப்படுகின்றது.

ஸ்டீரியோவிற்கு இரண்டு ஒலிபெருக்கிகள் போதும். எனினும், இக்காலத்து இளைஞர் அவற்றோடு மூன்றாவதாக ஒரு பெட்டியையும் சேர்த்துக்கொள்ள விழைகின்றனர். கடைக்காரர் அதனைச் சப்வூஃபர் என்பர். தாழ்ந்த ஒலிகளை மட்டுமே தருவது ஆதலின், அதனைத் தாழொலிப் பெட்டி என நாம் தமிழில் கூறலாம். அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இணைக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம். அவற்றை யான் கற்றதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுகின்றேன்.

யான் வாழும் ஊர் சென்னையின் மேற்கே உள்ள அம்பத்தூர். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். கல்லூரியிற் பயிலும் என் பெயரன், தான் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு ஒரு தாழொலிப் பெட்டி வாங்கி வந்தான். அதன் அட்டையில் ஆயிரக்கணக்கான வாட் என எழுதியிருந்தது. அதன் கூம்போ 12 அங்குல அகலம் உடையது. அதனை அறையின் மூலையில், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வைத்து, பகலெல்லாம் பாட்டுக் கேட்டு மகிழ்ந்தான்.

மூன்றாம் நாள் பிற்பகல் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாயிலில் வந்து நின்றார். அவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலை பார்ப்பவர். அவர் கண்கள் சிவந்திருந்தன. ஆயினும் சொல்லில் சினம் இல்லை. “ஐயா, தம்பி பாட்டுக் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. பாட்டு எனக்குக் கேட்கவும் இல்லை. சுவர் வழியே இடி மட்டும் வருகிறது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. தூக்கமில்லாமல் எந்திரத்தின்முன் நிற்க அச்சமாக இருக்கிறது” என்றார்.

யான் நாணித் தலை கவிழ்ந்தேன். உறங்காத ஒருவர் இரவில் எந்திரத்தை இயக்கும்போது ஒரு நொடி கண்ணயர்ந்தால் கையையே இழக்க நேரும். நம் இன்பம் பிறர் உடம்புக்குத் தீங்காகலாமோ? பெயரன் அக்கணமே பெட்டியை நிறுத்தினான். பின்பு, “தாத்தா! பாட்டு அவருக்குக் கேட்கவில்லை. இடி மட்டும் கேட்கிறது என்றாரே, அஃது எப்படி?” என வினவினான். வினா சிறிது, விடை பெரிது. அவன் தன் பேராசிரியரிடமும் நூல்களிலும் கேட்டும் கற்றும் வந்து எனக்கு உரைத்தவற்றையே ஈண்டு உங்கட்குக் கூறுகின்றேன்.

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. நொடிக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை மனிதர் செவி உணர வல்லது. அதிர்வு மிகுந்தால் ஒலி உயர்ந்தும், குறைந்தால் தாழ்ந்தும் தோன்றும். நம் முன்னோர் இசையின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். அவற்றுள் மெலிவு தாழ்ந்த நிலை. வலிவு உயர்ந்த நிலை. மிருதங்கத்தில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். அதன் வலந்தலையின் நடுவே கரணை பூசப்பட்டிருக்கும். அப்பூச்சினாலேயே அதன் ஒலிகள் சுரத்தோடு இயைந்து பிறக்கின்றன என்பதைச் சர் சி. வி. இராமன் ஆராய்ந்து 1920ஆம் ஆண்டில் வெளியிட்டார். இடந்தலையிலோ, வாசிக்கத் தொடங்குமுன், ரவையைப் பிசைந்து அப்புவர். அப்பளுவினால் தோல் விரைந்து அதிர மாட்டாது மெல்ல அதிர்கின்றது; அதனால் ஆழ்ந்த ஒலி எழுகின்றது. தாழொலிப் பெட்டியின் வேலை, இத்தகைய ஆழ்ந்த ஒலிகளைக் குறைவின்றித் தருவதே.

சிறிய ஒலிபெருக்கி அவ்வொலியைத் தாராதோ எனின், தர முயலும். முழுதும் தர இயலாது. அதிர்வு பாதியாகக் குறைந்தால், முன்னிருந்த அளவே ஒலிக்க, கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைதல் வேண்டும். நான்கு அங்குலக் கூம்பு அவ்வளவு அசைய வல்லது அன்று. ஆதலின், காற்றை மிகுதியாகத் தள்ளவல்ல பெரிய கூம்பும், அதற்கெனத் தனிப் பெட்டியும் வேண்டப்படுகின்றன. 1974ஆம் ஆண்டில் ‘எர்த்குவேக்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தபோது, நிலநடுக்கத்தின் முழக்கத்தை மக்கள் உடம்பால் உணரும்படி திரையரங்குகளில் பெரிய தாழொலிப் பெட்டிகளை வைத்தனர். அரங்குக்கு உரிய அம்முழக்கத்தை 12 அடி அறைக்குள் கொணர்ந்ததே என் பெயரன் செய்த பிழை.

இனிச் சுவரைக் கடக்கும் வகையைக் காண்போம். சுவர் கனமானது. விரைந்து மாறும் அதிர்வுக்கு அஃது இசைந்து அசையாது. ஆதலின் உயர்ந்த ஒலிகள் சுவரில் மோதித் திரும்புகின்றன. மெல்ல மாறும் அதிர்வுக்கோ அது சிறிதேனும் அசைந்து கொடுக்கும். ஆதலின் தாழ்ந்த ஒலிகள் அப்பால் செல்கின்றன. 1856ஆம் ஆண்டு முதல் அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் இருப்புப்பாதையின் அருகே வாழ்வோர் இதனை நன்கு அறிவர். நள்ளிரவில் சரக்கு வண்டி செல்லுங்கால், அடைத்த சன்னலுக்குள்ளே சக்கரத்தின் கிறீச்சொலி அவ்வளவாகக் கேளாது; ஆழ்ந்த முழக்கமோ கட்டிலையும் அதிரச் செய்யும். பாடகரின் குரல் எங்கள் அறையிலேயே நின்றுவிட, அடித்தொனி மட்டும் பக்கத்து வீட்டை அடைந்ததற்குக் காரணம் இதுவே.

இனிப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவோம். அறையின் அளவை நோக்கியே பெட்டியின் அளவைத் தேர்தல் வேண்டும். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள அறைக்கு 8 அங்குலக் கூம்பே போதும். பெரிய கூடத்திற்கு 10 அல்லது 12 அங்குலம் பொருந்தும். பெட்டியில் இருவகை உண்டு. நாற்புறமும் மூடியது ஒன்று. காற்றுப் போகும் துளை உடையது மற்றொன்று. துளையுள்ள பெட்டி மிகுதியாக ஒலிக்கும்; மூடிய பெட்டி, அடி ஓய்ந்தவுடன் தானும் ஓயும். மிருதங்கம், தவில் முதலியவற்றின் விரைந்த சொற்கட்டுகளைத் தெளிவாகக் கேட்க விரும்புவோர்க்கு மூடிய பெட்டி நன்று.

வாட் என்னும் எண்ணைக் கண்டு மயங்குதல் கூடாது. அட்டையில் பெரிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என அச்சிட்டிருக்கும் எண் விளம்பரத்திற்கு உரியது. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைக் குறிப்பது ஆர்.எம்.எஸ். என்னும் எண்ணே, அதனையே கேட்டறிதல் வேண்டும். மேலும், ஆற்றல் இருமடங்கானால் ஒலி இருமடங்காகும் என்று எண்ணற்க. ஆற்றல் இருமடங்காயின் ஒலி 3 டெசிபெல் அளவே உயர்கின்றது. செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆதலின், 50 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் விலையில் உள்ள வேற்றுமை செவியில் இராது. இவற்றையெல்லாம் உணர்ந்த பெயரன், பெரிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, 8 அங்குல மூடிய பெட்டி ஒன்றை மாற்றி வாங்கினான். விலையும் குறைந்தது.

இனி இணைக்கும் முறை. எந்த இணைப்பாயினும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பியைத் தொடுதல் வேண்டும். தாழொலிப் பெட்டிகளுள், ஆம்ப்ளிஃபயரைத் தன்னகத்தே கொண்டது ஒருவகை. கூம்பு மட்டும் உடையது மற்றொரு வகை. முதல்வகையே இல்லங்களுக்கு எளிது. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் ‘சப் அவுட்’ என்னும் துளை இருப்பின், அங்கிருந்து ஒரே கம்பியைப் பெட்டியின் உள்வாயிலுக்குக் கொண்டு சென்றால் போதும். அத்துளை இல்லையேல், ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் முனைகளிலிருந்தே வேறு இரண்டு இணைக்கம்பிகளை எடுத்து, பெட்டியில் அதற்கென அமைந்த முனைகளில் சேர்க்கலாம். சிவப்பு முனை சிவப்பையும், கறுப்பு முனை கறுப்பையும் சேர்தல் வேண்டும். இவ்வாறு சேர்ப்பதால் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை மிகாது. ஏனெனின், அம்முனைகள் மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே ஏற்கும். எனினும், சில ஆம்ப்ளிஃபயர்களில் இம்முறை தகாது. ஆதலின் முதலில் கையேட்டைப் படித்தல் வேண்டும்.

கூம்பு மட்டும் உள்ள பெட்டியை வாங்கினோர், அதனை ஒலிபெருக்கியின் முனையோடு அப்படியே சேர்த்துக் கட்டிவிடுதல் பெரும்பிழை. 4 ஓம் தடையுள்ள இரண்டு ஒலிபெருக்கிகளை அவ்வாறு பக்க இணைப்பாகச் சேர்த்தால், மொத்தத் தடை 2 ஓம் ஆகக் குறையும். தடை குறைய மின்னோட்டம் மிகும். மின்னோட்டம் மிக ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கெடும். அத்தகைய பெட்டிக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்பதை மறத்தல் கூடாது.

இணைத்தபின் பாட்டு இல்லாதபோதும் “ம்ம்” என ஓர் இரைச்சல் கேட்பதுண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதுவே ஒலிக்கம்பியின் வழியே புகுந்து இரைகின்றது. ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் ஒரே மின்பலகையில் செருகினால் இவ்விரைச்சல் பெரும்பாலும் அடங்கும். அதனைப் போக்க எண்ணிச் செருகியின் மூன்றாவது முள்ளை முறித்துவிடுவாரும் உளர். அம்முள் நில இணைப்பு. மின்கசிவின்போது உயிரைக் காப்பது. இரைச்சலுக்கு அஞ்சி உயிர்க்காவலை நீக்குதல் அறிவுடைமை ஆகாது.

பெட்டியின் பின்னே மூன்று திருகுகள் உண்டு. முதலாவது, எந்த அதிர்வுக்குக் கீழே பெட்டி ஒலிக்க வேண்டும் என்பதை வரையறுப்பது. அதனைக் ‘கிராஸ்ஓவர்’ என்பர். பெரும்பாலும் 80 என்னும் எண்ணில் அதனை நிறுத்துதல் நன்று. நொடிக்கு 80 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைச் செவி எளிதில் அறியாது. ஆதலின் பெட்டி எங்கிருப்பினும், அதன் ஒலி வலமும் இடமும் உள்ள ஒலிபெருக்கிகளிலிருந்தே எழுவதுபோல் தோன்றும். அவ்வெண்ணை 150 வரை உயர்த்தினால் ஆடவர் குரலும் பெட்டிக்குள் புகுந்துவிடும். பாடகர் நாற்காலிக்கு அடியில் அமர்ந்து பாடுவதுபோல் இருக்கும்.

இரண்டாவது திருகு, பெட்டியின் கூம்பும் மற்ற ஒலிபெருக்கிகளின் கூம்புகளும் ஒருசேர முன்னோக்கி அசையுமாறு செய்வது. அவை ஒன்றுக்கொன்று எதிராக அசைந்தால் ஓர் ஒலியை மற்றோர் ஒலி அழித்துவிடும். அதில் 0, 180 என இரு நிலைகள் உண்டு. ஒருவர் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து கேட்க, மற்றொருவர் அதனை மாற்றி மாற்றி வைத்தல் வேண்டும். எந்நிலையில் தாழ்ந்த ஒலி நிறைவாகக் கேட்கின்றதோ அந்நிலையே உரியது. மூன்றாவது திருகு ஒலியின் அளவைக் குறிப்பது. அதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

பெட்டியை வைக்கும் இடமே எல்லாவற்றினும் இன்றியமையாதது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்லும். நொடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் அலை எட்டரை மீட்டருக்கு மேல் நீளமுடையது. நம் அறையினும் நீண்டது. அத்தகைய அலை சுவர்களுக்கிடையே மோதி மோதிச் சில இடங்களில் பெருகும். சில இடங்களில் தேயும். 12 அடி நீள அறையில், நொடிக்கு ஏறத்தாழ 47 அதிர்வுள்ள ஒலி இவ்வாறு மிகப் பெருகும். மூலையில் வைத்த பெட்டி இப்பெருக்கத்தை மேலும் தூண்டும். என் பெயரனின் பெட்டி இடியென முழங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல இடத்தைக் காண எளிய வழி ஒன்று உண்டு. நாம் அமரும் நாற்காலியில் பெட்டியை வைத்து, தாழ்ந்த ஒலி மிகுந்த பாட்டு ஒன்றை ஒலிக்கச் செய்து, அறையைச் சுற்றித் தவழ்ந்து செல்லுதல் வேண்டும். எவ்விடத்தில் ஒலி மிகாமலும் குறையாமலும் ஒரு சீராகக் கேட்கின்றதோ, அவ்விடத்தில் பெட்டியை வைத்து நாம் நாற்காலிக்குத் திரும்பலாம். ஒலிக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் தம்முள் மாற்றினாலும் ஒலி மாறாது என்னும் இயற்கை விதியே இதற்கு அடிப்படை. இருபது வயது இளைஞன் குழவிபோல் தவழ்ந்ததைக் கண்டு வீட்டார் நகைத்தனர். எனினும் அவன் கண்ட இடம் செம்மையானது. பக்கத்து வீட்டுச் சுவருக்கு எதிர்ப்புறத்தில், மூலையினின்றும் மூன்றடி விலகி இருந்தது. பெட்டியின் அடியில் தடித்த இரப்பர் வில்லைகளையும் வைத்தான். அவை தரை வழியே செல்லும் அதிர்வைக் குறைப்பன. காற்றின் வழியே செல்வதை அவை தடுக்க மாட்டா. அதனைத் தடுக்க வழி ஒன்றே. அஃது ஒலியைக் குறைத்தல்.

ஆதலின் மூன்றாவது திருகுக்கு வருவோம். முதலில் அதனை முற்றும் குறைத்து, நன்கு பழகிய கச்சேரி ஒன்றைக் கேட்க வேண்டும். பின்பு மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். பெட்டி தனியே ஒலிக்கின்றது என எப்போது உணர்கின்றோமோ, அங்கிருந்து சற்றே குறைத்து நிறுத்த வேண்டும். பெட்டி ஒலிக்கும்போது அது இருப்பது தெரியலாகாது. அதனை நிறுத்தினால் ஏதோ ஒன்று குறைந்தது என்பது தெரிய வேண்டும். இதுவே சரியான அளவு. வீட்டின் கடைக்கால் மண்ணுள் மறைந்திருக்கின்றது. வருவோர் அதனைக் கண்டு வியப்பதில்லை. ஆயினும் சுவரும் கூரையும் அதன்மேலேயே நிற்கின்றன. தாழொலியும் அத்தகையதே. தன்னைக் காட்டாது பிறவற்றைத் தாங்குவதே அதன் சிறப்பு.

நம் நாட்டில் ஒலி மாசு பற்றிய விதிகள் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவற்றின்படி குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55 டெசிபெல்லும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லும் மிகுதல் கூடாது. ஆயின், அவ்வளவைக் காட்டும் கருவி மனிதர் செவியின் இயல்பை ஒட்டி அமைந்தது. தாழ்ந்த ஒலியைக் குறைத்தே மதிப்பிடும். ஆதலின் கருவி காட்டும் எண் சிறிதாயிருப்பினும் அண்டை வீட்டார் நெஞ்சில் அதிர்வு பெரிதாயிருத்தல் கூடும். மேலும், சட்டம் பகல் எனக் கூறும் பொழுது, இரவு முறை வேலை பார்ப்போர்க்கு நள்ளிரவு. சட்டம் கடிகாரத்தை அறியும். அடுத்த வீட்டாரின் உறக்கத்தை நாம்தாம் அறிதல் வேண்டும்.

என் பெயரன் பக்கத்து வீட்டிற்குச் சென்று, அவர் எவ்வெவ்வாரங்களில் இரவு வேலைக்குச் செல்கின்றார் என்பதைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொண்டான். அவ்வாரங்களில் பகற்பொழுதில் தாழொலிப் பெட்டியின் மின்விசையை அவன் தொடுவதில்லை. இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளைக் கொண்டே மெல்லப் பாட்டுக் கேட்பான்.

சில திங்கள் கழிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டிற்கு வந்தார். நாதசுரமும் தவிலும் அடங்கிய இசைத்தட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. அமர்ந்து நெடுநேரம் கேட்டார். தவிலின் ஆழ்ந்த முழக்கம் அறையெங்கும் நிறைந்திருந்தது. ஆயினும் செவியை உறுத்தவில்லை. அவர் இரு ஒலிபெருக்கிகளையும் மாறி மாறி நோக்கி, “ஐயா, அந்தப் பெரிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் போலும். இந்தச் சிறிய பெட்டிகளே நன்றாக ஒலிக்கின்றனவே!” என்றார். தாழொலிப் பெட்டி அவர் நாற்காலிக்கு நான்கடி தொலைவில் ஒலித்துக்கொண்டிருந்தது. பெயரன் என்னை நோக்கி முறுவலித்தான்.

மாணவர்களே! கருவிகள் நாளும் பெருகுகின்றன. அவற்றின் விலையையும் வலிமையையும் மட்டும் அறிந்து வாங்குவோர் பலர். இயல்பையும் அளவையும் அறிந்து பயன்படுத்துவோர் சிலர். ஒலியின் இயல்பை அறிந்தால் இசை இனிமையுறும்; ஒலியின் அளவை அறிந்தால் அண்டை வீட்டார் உறக்கமும் நிலைபெறும். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்து நடப்பதே கற்றவர்க்கு அழகு.